ரெசின் போவி சொன்ன கத்தி

அமெரிக்காவின் போவி கத்தி என்றதும் பெரும்பாலோர் மனத்தில் வருவது முழங்கை நீளம், கொக்கிபோல் வளைந்த முனை, முதுகில் பித்தளைப் பட்டை. என்னிடம் கத்தி கேட்டு வருபவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் முதலில், கத்திக்குப் பெயர் தந்த ஜிம் போவியின் அண்ணன் ரெசின் போவியைப் பற்றிப் பேசுவேன்.

1827 செப்டம்பர் 19 அன்று, மிசிசிப்பி ஆற்றில் நாட்செஸ் நகருக்கு எதிரே இருந்த மணல்திட்டில் நடந்த கைகலப்பில், குண்டடியும் குத்தும் பட்டுக் கிடந்த ஜிம் போவி தன் கத்தியால் நாரிஸ் ரைட்டைக் கொன்றார். கத்தியின் புகழ் அங்கே தொடங்கியது. அதை வேட்டைக்காகச் செய்வித்துத் தம்பிக்குக் கொடுத்தவர் தாமே என்று அண்ணன் ரெசின் 1838-இல் எழுதினார். அளவும் சொன்னார்: நீளம் 9.25 அங்குலம், அகலம் 1.5 அங்குலம், ஒரு பக்கம் மட்டும் கூர், வளைவில்லாத அலகு. பேட்டன் ரூஜ் நகரின் டேனியல் சர்ல்ஸிடம் அவர் செய்வித்து நண்பர்களுக்குப் பரிசளித்த கத்திகளும் இந்த நேர்முதுகுச் சாதிதான். வளைந்த முனையும் அலகில் பொறித்த வீர வாசகங்களும் பெருகியது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பட்டறைகள் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்து குவித்த காலத்தில். அவற்றிலும் அழகானவை உண்டு. என் மனம் நேர்முதுகில்தான் நிற்கிறது.

அலங்காரம் இல்லாத கத்தியில் எதையும் மறைக்க முடியாது. அரம் ஓரிடத்தில் கூடுதலாகத் தின்றால்கூட முதுகுக் கோட்டில் தெரிந்துவிடும். லாரிகளின் வில்பட்டைகளுக்குப் பயன்படும் 5160 என்ற எஃகை அடித்து உருவாக்கி, காந்தம் ஒட்டாத சூடு வந்த பிறகும் சற்றே ஏற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் கூர்ப்பக்கத்தை மட்டும் அமிழ்த்துவேன். முதுகு வெளியே செந்நிறமாக நிற்கும், புகை எழும், எண்ணெய் கூர்ப்பக்கத்தை ஒட்டிக் கொதிக்கும். ஆறிய பின் அரத்தை வைத்து இழுத்தால் கூரில் பிடிக்காமல் வழுக்கி ஓட வேண்டும், முதுகில் கடிக்க வேண்டும். அதன் பிறகு 200 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டுப் பதம் இறக்கினால்தான் கூர் நொறுங்காமல் நிற்கும்.

1976-இல் தொடங்கிய, கத்தி செய்யும் கொல்லர்களின் சங்கமான அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் தேர்வு இந்தப் பதத்தைத்தான் சோதிக்கிறது. தொங்கும் ஓர் அங்குலக் கயிறு ஒரே வீச்சில் அறுபட வேண்டும். மரக்கட்டையை இரண்டு முறை வெட்டித் துண்டாக்கிய பிறகும் அதே கூர் கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் கத்தியை இடுக்கியில் பிடித்து 90 டிகிரிக்கு வளைப்பார்கள், முறியக் கூடாது. பாடுபட்டுச் செய்த கத்தி அத்துடன் போய்விடும். ஆனாலும் இதைவிட நேர்மையான தேர்வு எனக்குத் தெரியாது.

கைப்பிடிக்கு, ஆர்கன்சா பக்கத்துப் பழைய கத்திகளில் காணும் சவப்பெட்டி வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். அடிப்பக்கம் அகன்று முடிவதால் ஈரக்கையிலும் நழுவாது. வால்நட் மரம், வெள்ளி ஆணிகள். விரும்பிக் கேட்பவர்களுக்குப் பிடியைச் சுற்றி மெல்லிய வெள்ளித் தகடும் உண்டு. பித்தளை முதுகு மட்டும் என் பட்டறையில் கிடைக்காது.