எலிக்கு எந்த ஏர் ரைஃபிள், குறி அட்டைக்கு எந்த ஏர் ரைஃபிள்?

காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிளை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது வேகத்தை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பதும் அதுதான். ஆனால் அந்த எண் பெரும்பாலும் எடை குறைந்த அலாய் பெல்லட்டை, அதாவது சிறு குண்டை, போட்டு எடுத்த அளவு. வழக்கமான ஈயப் பெல்லட்டைப் போட்டால் வேகம் கணிசமாகக் குறையும். குறைவதும் நல்லதுதான். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அதை நெருங்கும் பெல்லட் தள்ளாடத் தொடங்கிவிடும், குறி சிதறும். ஆகவே வேகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, எத்தனை மீட்டரில் சுடப் போகிறீர்கள், எப்படி நின்று சுடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

10 மீட்டர் போட்டிதான் நோக்கம் என்றால் சக்தி ஒரு பொருட்டே இல்லை. அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் குறுக்களவு வெறும் 0.5 மில்லிமீட்டர். அதைத் தொடப் பயன்படுத்தும் ரைஃபிள்கள் 4.5 மி.மீ. பெல்லட்டை நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டரில்தான் அனுப்புகின்றன. அரை கிராம் எடையுள்ள பெல்லட்டுக்கு அது ஏழு ஜூலுக்குக் கொஞ்சம் மேல் வரும். இவற்றுக்குக் கொடுக்கும் விலையெல்லாம் வேறு இடத்துக்குப் போகிறது: அதிர்வே தெரியாத இயக்கம், விரல் பட்டதும் விடுபடும் ட்ரிகர், கன்னத்துக்கும் தோளுக்கும் ஏற்றபடி நகர்த்தக்கூடிய கட்டை, சிறு துளை வழியே பார்க்கும் டயாப்டர் சைட். எடையும் வேண்டுமென்றே கூட்டியதுதான். விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம், கனம் இருந்தால்தான் நின்ற நிலையில் ஆட்டம் அடங்கும். பெல்லட்டின் முகம் தட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அது காகிதத்தில் ஓரம் கிழியாத வட்டத் துளை போடும், புள்ளி எண்ணுவதில் தகராறு வராது.

இதே ரைஃபிளை எலி வேட்டைக்கு எடுத்துப் போனால் அதன் ஒவ்வொரு சிறப்பும் குறையாக மாறும். அந்தி நேரத்தில் டயாப்டர் வழியே ஒன்றும் தெரியாது. ஐந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை நடக்க முடியாது. நூறு கிராம் அழுத்தம்கூடத் தேவைப்படாத ட்ரிகரோடு இருட்டில் நடப்பது ஆபத்து. களத்தில் அரை கிலோவுக்குக் குறையாத, இரண்டு கட்டமாக இழுபடும் ட்ரிகர்தான் சரி. தட்டை முகப் பெல்லட்டும் 25 மீட்டரைத் தாண்டினால் நிலைகுலையும்.

எலி, முயல் தொல்லை என்று வரும்போது கேள்வியே வேறு. போட்டியில் அறுபது குண்டுகளும் ஒரே சீராகப் போக வேண்டும். இங்கே முதல் குண்டு மட்டும்தான் கணக்கு. அது தலைக்குள் மூளைப் பகுதியில் பட வேண்டும், எலியில் அது ஒரு சிறு நாணயத்தைவிடப் பெரியது அல்ல. அங்கே பட்டால் 12 ஜூல்கூட எலிக்குத் தாராளம். வயிற்றில் பட்டால் 40 ஜூலும் சித்திரவதைதான். அதனால் "இந்தத் துப்பாக்கி எத்தனை மீட்டர் அடிக்கும்?" என்று கேட்பதில் பொருளில்லை. நீங்கள் எத்தனை மீட்டர் அடிப்பீர்கள் என்று பாருங்கள். காகிதத்தில் 25 மி.மீ. வட்டங்கள் பத்து வரையுங்கள். மேசையில் சாய்த்து வைக்காமல், உண்மையில் சுடப்போகும் நிலையில், மண்டியிட்டோ நின்றோ, வட்டத்துக்கு ஒன்றாகச் சுடுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்து வாருங்கள். பத்தும் வட்டத்துக்குள் விழும் தூரம்தான் உங்கள் எல்லை. பலருக்கு அது 20 மீட்டருக்கும் கீழேதான் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி பெல்லட்டின் அளவு 4.5 மி.மீ.-ஆ 5.5 மி.மீ.-ஆ என்ற ஓயாத சண்டை. 16 ஜூல் ரைஃபிளை எடுத்துக்கொண்டால், 0.55 கிராம் எடையுள்ள 4.5 பெல்லட் நொடிக்குச் சுமார் 240 மீட்டரில் போகும். 0.94 கிராம் எடையுள்ள 5.5 பெல்லட் 185 மீட்டரில் போகும். சக்தி ஒன்றுதான், பாதை வேறு. 4.5 நேராகப் பறக்கும், தூரத்தை மூன்று நான்கு மீட்டர் தப்பாகக் கணித்தாலும் மன்னித்துவிடும். 5.5 அதிகமாக வளையும், ஆனால் படும் இடத்தில் அகலமான காயம் செய்யும், உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறுவதும் குறைவு. கொட்டகைக்குள் 10 மீட்டரில் எலிக்கு நான் 5.5-ஐத்தான் சொல்வேன். திறந்தவெளியில் 30 மீட்டரில் முயல் என்றால், அல்லது அட்டையிலும் சுட ஆசை இருந்தால், 4.5. 10 மீட்டர் போட்டியில் 4.5 தவிர வேறு அளவுக்கு இடமே இல்லை.

கொட்டகைக்குள் சுடுகிறவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, குழலுக்கு நாலைந்து சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. 25 மீட்டருக்குச் சரிசெய்த 4.5 ரைஃபிளில் 5 மீட்டரில் சுட்டால் குண்டு குறிக்கு இரண்டரை சென்டிமீட்டர் கீழே விழும். எலியின் தலையைக் குறிவைத்தால் தாடைக்கு அடியில் போகும். "இவ்வளவு பக்கத்தில் எப்படித் தவறியது?" என்று புலம்புவதற்குப் பதில், 5, 8, 12, 20 மீட்டரில் எங்கே படுகிறது என்று சுட்டுப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டையில் ஒட்டிவிடுங்கள். ஸ்கோப்பும் 10 மீட்டருக்கு உள்ளே தெளிவாகக் காட்டுகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், எல்லாம் காட்டாது.

இயக்கத்தைப் பொறுத்தவரை ஸ்பிரிங், பிசிபி (முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றில் சுடுவது) என்ற இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான தேர்வு. ஸ்பிரிங் ரைஃபிளுக்கு வெளியே எதுவும் வேண்டாம், குழலையோ நெம்பையோ மடக்கினால் தயார். ஆனால் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் பாய்ந்து துப்பாக்கியைப் பின்னால் தள்ளி, உடனே முன்னாலும் இழுக்கிறது. பிடி மாறினால் அந்த உதறலும் மாறும், குண்டு போகும் இடமும் மாறும். இறுக்கிப் பிடிக்காமல், முன்னால் தாங்கும் கையின் உள்ளங்கையைத் திறந்து வைத்து அதன்மேல் துப்பாக்கி தானாகத் துள்ள விட வேண்டும். ஜன்னல் விளிம்பில் கட்டையை நேரடியாக வைத்துச் சுட்டால் குறி தப்பும், நடுவில் கை இருக்கட்டும். இந்த இருபக்க உதறல் சாதாரண ஸ்கோப்பின் உள்ளுறுப்புகளைக் குலைத்துவிடும், ஸ்பிரிங் ரைஃபிளுக்கென்றே செய்த ஸ்கோப்பை வாங்குங்கள். நல்லா போய்க்கொண்டிருந்த குறி திடீரென்று சிதறினால் குழலைச் சந்தேகிக்கும் முன் கட்டைத் திருகுகளைப் பாருங்கள், பாதிக்கு மேல் குற்றவாளி அதுதான். அழுத்த அறைக்குள் எண்ணெய் விடாதீர்கள். அது சூட்டில் எரிந்து வெடிச்சத்தம் போடும், காற்று கசியாமல் அடைக்கும் சீலைக் கெடுக்கும். பெல்லட் இல்லாமலும் சுடக் கூடாது. காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் போய் மோதும்.

பிசிபி ரைஃபிள் 200 பார், சிலவற்றில் அதற்கும் மேல், அழுத்தத்தில் காற்றைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. உதறல் இல்லை, எப்படிச் சாய்த்து வைத்தாலும் ஒரே இடத்தில் சுடும். புதியவருக்குக் குறி சீக்கிரம் கைவரும். விலை துப்பாக்கியோடு நிற்காது: கைப் பம்ப் அல்லது பெரிய சிலிண்டர், வடிகட்டி, அவ்வப்போது ஓ-ரிங் என்னும் அடைப்பு வளையம். காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இல்லாதவற்றில் முதல் சில குண்டுகளும் கடைசிச் சில குண்டுகளும் நடுவில் போனவற்றோடு சேராது. கைப் பம்பில் விடாமல் அடித்தால் சூடேறி ஈரம் உள்ளே போகும், ஐம்பது முறை அடித்ததும் ஆற விடுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் இணைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் துளி எண்ணெய் இருந்தாலும் வெடிக்கும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், மூன்றரை கிலோ எடையில், 4.5 அளவில், ரெகுலேட்டர் உள்ள 16 ஜூல் பிசிபி. ஸ்பிரிங்தான் வேண்டும் என்றால் குழல் மடங்காமல், அதன் அடியிலுள்ள நெம்பை இழுக்கும் அடிநெம்பு வகை. இரண்டும், திறந்தவெளியில் 50 மீட்டர் வரை வைத்த உலோக இலக்குகளைச் சுடும் ஃபீல்டு டார்கெட் போட்டிக்கும் பொருந்தும். வாங்கும் முன் உங்கள் நாட்டுச் சட்ட வரம்பைப் பாருங்கள். ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் 7.5 ஜூல், இங்கிலாந்தில் சுமார் 16 என்று ஊருக்கு ஊர் மாறும். எந்த உயிரைச் சுடலாம் என்பதற்கும் தனி விதி உண்டு.

வாங்கியபின் பெல்லட்டில் கஞ்சம் வேண்டாம். ஒரே மாடல் ரைஃபிள்கள் இரண்டு ஒரே பெல்லட்டை விரும்புவதில்லை. வட்ட முகப் பெல்லட்டில் நான்கைந்து வகையை வாங்கி, வகை மாற்றும்போது முதல் இருபதைக் குழல் பழகுவதற்காக விட்டுவிட்டு, அடுத்த பத்தைக் கணக்கில் எடுங்கள். சுட்டு முடித்ததும் கை கழுவுங்கள், ஈயம். செத்த எலியையும் அப்படியே போட்டுவிடாமல் புதையுங்கள், தின்னும் நாயையும் பருந்தையும் அதே ஈயம் பிடிக்கும்.