நான் குடுத்த 180ல அண்ணனுக்கு போனது 128

நேத்து ராத்திரி ஒசூர் பஸ் ஸ்டாண்ட்ல ஆப்ல ஆட்டோ புக் பண்ணி வீட்டுக்கு வந்தேன், 180 ரூபா குடுத்தேன், எறங்குறப்போ டிரைவர் அண்ணன் விரிசல் விட்ட போன திருப்பி காட்டுறாரு, அவருக்கு வந்தது 128 தான். இதுல என்னை ஏத்த நாலு கிலோமீட்டர் காலியா வேற வந்திருக்காரு, அந்த தூரத்துக்கு எரிஞ்ச கேஸ் காச யாரு குடுப்பா?

சொந்த வண்டி ஓட்டுறவங்களுக்கு கட்டணத்துல கொறஞ்சது 80 சதவீதம் போகணும்னு மத்திய அரசோட 2025 வழிகாட்டுதல்லயே இருக்கு, அப்படி பாத்தா 144 வந்திருக்கணும்ல. 16 ரூபா சின்ன காசு இல்லைங்க, ஒரு நாளைக்கு 12 ட்ரிப்னா 192, மாச டியூ கட்டுறவருக்கு அது பெருசு. ஒவ்வொரு ட்ரிப்லயும் எவ்ளோ புடிச்சாங்கன்னு பயணிக்கும் பில்லுல காட்டணும், காலியா வர்ற தூரத்துக்கும் கம்பெனி காசு தரணும்.