96 குழிகளும் ஒரு பிப்பெட்டும்

ரத்தத்தில் நோயின் அடையாளத்தை நிற மாற்றத்தால் காட்டும் எலிசா டெஸ்ட்டில் எல்லாவற்றையும் மெஷினே செய்துவிடும் என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். கையால் செய்கிற லேபில் மெஷினுக்கு அதில் கடைசி ஒரு நிமிட வேலைதான். சாம்பிள் விட்ட குழித் தட்டை, அதாவது பிளேட்டை, ரீடருக்குள் வைத்தால் 450 நானோமீட்டர் ஒளியில் ஒவ்வொரு குழியிலும் மஞ்சள் எவ்வளவு என்று பார்த்து, புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வைத்து எண் கொடுக்கும். பார்க்க அவ்வளவு துல்லியமாக இருக்கும். ஆனால் அந்த எண்ணை நம்பலாமா கூடாதா என்பது சில மணி நேரம் முன்பே, சொட்டுக் கணக்கில் திரவத்தை உறிஞ்சி விடும் பிப்பெட்டைப் பிடித்த கையில் முடிவாகிவிடுகிறது.

நான் அதிகம் செய்தது டெங்கு ஐஜிஎம் எலிசா, டெங்கு வந்தால் உடம்பு உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. ஐப்பசி, கார்த்திகை மழை ஆரம்பித்தால் சாம்பிள் ரேக் நிரம்பி வழியும். பிளேட் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, குறுக்கே 12, நெடுக்கே 8, மொத்தம் 96 குழி. 1951 வாக்கில் ஹங்கேரியில் டகாட்சி என்ற டாக்டர் இன்ஃப்ளூயன்சா சோதனைக்காக பிளாஸ்டிக் கட்டியில் குழி போட்டுச் செய்ததுதான் இதன் மூதாதை. அதில் 72 குழி. சோதனைக் குழாய் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

குழி ஒவ்வொன்றிலும் முந்நூறு மைக்ரோலிட்டருக்கு மேல் பிடிக்கும், ஆனால் நாம் விடுவது 50 அல்லது 100. ஐம்பது என்றால் கிட்டத்தட்ட ஒரு சொட்டு. அந்தச் சொட்டில் கொஞ்சம், பிப்பெட் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் டிப்பின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தாலோ, உள்ளேயே கொஞ்சம் தங்கிவிட்டாலோ, கணக்கு தப்பிவிடும். அதனால் டிப்பை சீரத்துக்குள் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் முக்கக் கூடாது, பிப்பெட் பட்டனை அழுத்திய கட்டை விரலை டப்பென்று விடக் கூடாது. சீரம் தண்ணீர் மாதிரி ஓடாது, கொஞ்சம் பிசுபிசுப்பு, மெதுவாகத்தான் ஏறும். சில சாம்பிள் கொழுப்பில் பால் மாதிரி வெளுத்திருக்கும். இன்னும் மோசம், ரத்தம் சரியாக உறைவதற்கு முன்பே அவசரப்பட்டு, சீரம் பிரிக்க மெஷினில் சுழற்றியது. அதில் ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் இழை மிதந்துகொண்டிருக்கும், டிப் வாயை அடைக்கும், டயலில் 50 என்று இருக்கும், உள்ளே அதில் பாதிகூட ஏறியிருக்காது. டயலை நம்பாமல் டிப்புக்குள் மட்டம் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு தடவையும் கண்ணால் பார்க்கிறவர்தான் என் கணக்கில் நல்ல டெக்னீஷியன். எட்டு வாய் பிப்பெட்டிலும் இதே கதைதான், ஒரு டிப் லூசாக உட்கார்ந்தாலும் அதில் மட்டும் மட்டம் இறங்கி நிற்கும்.

அப்புறம் இடம் தவறுவது. குழியும் கண்ணாடி மாதிரி, நீர்த்த சாம்பிளும் கண்ணாடி மாதிரி. எது விட்டது, எது விடாதது என்று கொஞ்சம் கவனம் சிதறினாலும் தெரியாது. இதற்கு எங்கள் சீனியர் அக்கா ஒருவர் சொல்லிக்கொடுத்த வழி எனக்கு எந்தக் கையேட்டையும்விடப் பெரிது: டிப் பாக்ஸிலும் எட்டுக்குப் பன்னிரண்டுதான், அதனால் எந்தக் குழிக்கு விடுகிறோமோ அதே இடத்து டிப்பை எடு. பாக்ஸில் காலியாக இருக்கிற இடம் நீ எங்கே நிற்கிறாய் என்று சொல்லிவிடும். அவர் பிப்பெட்டோடு உட்கார்ந்திருக்கும்போது வார்டிலிருந்து யாராவது வந்து "அக்கா, அந்த மூணாவது பெட் ரிப்போர்ட்..." என்று ஆரம்பித்தால் தலை திரும்பாது. அந்த வரிசை முடிந்ததும், "ம், இப்ப சொல்லுப்பா."

குழிகளைக் கழுவும் வாஷ் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் பாதிப் பிரச்சினை அங்கேதான். குழியில் மிச்சம் நின்றால் ஒட்டாத கான்ஜுகேட்டும் (நிறம் வரவைக்கும் என்சைம் சேர்த்த பொருள்) நின்று, நெகட்டிவ்கூட நிறம் காட்டும். கழுவும் மெஷினான வாஷரில் ஒரு நாசில் கழுவும் திரவத்தின் உப்பால் அடைத்திருந்தால், ஒரே வரிசை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மஞ்சளாக இருக்கும். அப்படி ஊரில் ஒரே வரிசை ஆட்களுக்கு மட்டும் டெங்கு வராது இல்லையா? அதனால் ரிசல்ட் ஷீட்டை எண்ணாகப் பார்க்கும் முன் ஒரு தடவை படமாகப் பார்க்க வேண்டும். ஓரக் குழிகள் மட்டும் ஏறியோ இறங்கியோ இருந்தால், மூடி சரியாக ஒட்டாமல் காய்ந்ததா, கிட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே போட்டார்களா என்று கேட்க வேண்டும். கையால் வாஷ் செய்து பிளேட்டைக் கவிழ்த்து டிஷ்யூ பேப்பரில் தட்டும்போது ஃபிரேமின் நடுவில் அழுத்திப் பிடிக்கணும், இல்லாவிட்டால் அதில் மாட்டியிருக்கும் குழி வரிசைகள், அதாவது ஸ்ட்ரிப், கழன்று மேஜை முழுக்க ஓடும்.

கடைசியில், நிறம் கொடுக்கும் திரவமான சப்ஸ்ட்ரேட். விட்டதும் பாசிட்டிவ் குழிகள் நீலமாகும், குறித்த நேரம் முடிந்து அமிலம் விட்டால் மஞ்சள். முதல் நெடுக்கு வரிசையில் ஆரம்பித்துப் பன்னிரண்டாவதுக்குப் போவதற்குள் நேரம் ஓடியிருக்கும். அதனால் அமிலத்தையும் அதே வரிசையில், அதே வேகத்தில் விட்டால்தான் எல்லாக் குழிக்கும் ஒரே நேரம் கிடைக்கும். நிறம் நன்றாக ஏறிவிட்டதே என்று பதறி ஒரு பக்கம் முதலில் விடுவது சிலருக்குப் பழக்கம். எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வரும். ரீடருக்குள் வைக்கும் முன் குமிழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஒளி அதில் சிதறி எண்ணே வேறாகிவிடும்.

பெரிய லேபுகளில் இப்போது சாம்பிள் விடுவதிலிருந்து ரீடிங் வரை மொத்தமும் ஆட்டோமேட்டிக். நல்லதுதான், சீசனில் கட்டை விரல் மூட்டு வலி தெரிந்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். சீசன் இல்லாத மாதங்களில் தொல்லை வேறு. மூன்று நான்கு சாம்பிள்தான் வரும், டெஸ்ட் சரியா என்று பார்க்க வைக்கும் கண்ட்ரோலுக்கே கிட்டத்தட்ட அத்தனை குழி போய்விடும், சேரட்டும் என்று வைத்தால் டாக்டர் போன் செய்வார், போட்டால் ஸ்டோரில் கிட் கணக்கு கேட்பார்கள். நான் பெரும்பாலும் போட்டுவிடுவேன். காய்ச்சலோடு படுத்திருக்கிறவரிடம் இன்னும் நாலு பேருக்குக் காய்ச்சல் வரட்டும் என்று எப்படிச் சொல்வது?