மதினியின் கைநாட்டு

மும்பையின் தாராவியில் எங்கள் சந்துக்குப் பொதுவான கழிப்பிடத்தின் கதவுத் தாழ்ப்பாள் எப்போதும் ஈரமாகவே இருக்கும். இரும்புத் தாழ்ப்பாள், விரல் படும் இடம் மட்டும் தேய்ந்து பளபளக்கும். 2020 ஏப்ரல் 6 காலை வரிசையில் நின்றபடி அதைத் தொட்டவர்களை எண்ணினேன். என் முறை வருவதற்குள் பத்தொன்பது பேர். வெளியே கைகழுவும் குழாயில் தண்ணீர் இல்லை. சோப்பு என்ற பேச்சே இல்லை.

முந்தின இரவு ஒன்பது மணிக்குத்தான் எல்லோரும் மின்விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்றியிருந்தோம். பிரதமர் கேட்டுக்கொண்டார், ஏற்றினோம். நானும் மனமார ஏற்றினேன். அதை இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். ஊரே ஒன்றாக ஒன்றைச் செய்யும்போது பயம் கொஞ்சம் விலகத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் குழாய் வறண்டு கிடப்பது டெல்லிக்கு எப்படித் தெரியும்? நாங்கள் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

நாங்கள் வேறு ஒன்றையும் சொல்லவில்லை. ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா தொற்று தெரியவந்ததிலிருந்து, நோய் கண்ட சந்துகளை அடைக்கத் தொடங்கியிருந்தார்கள். எதிர்வீட்டு மதினிக்கு இட்லி வியாபாரம். விடியுமுன் அவித்து, தூக்குகளில் அடுக்கி, மாட்டுங்கா வரை அனுப்புகிற வீடு. அந்த வாரம் அவள் கணவருக்கு, எங்கள் அண்ணனுக்கு, காய்ச்சல் கண்டது. சந்து முழுக்க அது தெரியும். சந்தை அடைத்துவிட்டால் என்ன செய்வது என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். வீடு வீடாக விசாரித்து வந்த பெண்ணிடம், "எங்கள் பக்கம் யாருக்கும் ஒன்றுமில்லை" என்று சொன்னது நான்தான். மராத்தி தெரிந்தவள் என்று என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அந்தப் பெண் நோட்டில் எங்கள் சந்துக்கு நேராகப் பூஜ்ஜியம் போட்டுக்கொண்டு போனாள். நான்காம் நாள் அண்ணனுக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். திரும்பி வரவில்லை.

தோல் பை செய்யும் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். ஏட்டில் ஏறாத செலவு நடக்காத செலவு ஆகிவிடாது; வருடக் கடைசியில் எங்கேயாவது இடிக்கும். இதைத் தொழிலாகவே செய்கிறவள் ஒரு பூஜ்ஜியத்தைப் பொய்யாக எழுதவைத்தேன்.

அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் நான்கு பேரோடு முடிந்தது. மறுநாள் மனு எழுத உட்கார்ந்தேன்: குழாய், சோப்பு, தாழ்ப்பாள், மருந்து தெளிக்காத தரை. எங்கள் பகுதியில் பெரிய மனிதராக மதிக்கப்படும் அண்ணாச்சி ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். "இந்த நேரத்தில் எழுதினால் நம் இடத்துக்குத்தான் கெட்ட பெயர். அதிகாரிகளுக்கு எரிச்சல் வரும். பொறுமையாக இரும்மா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நெருக்கடியிலும் நம்மை ஊமையாக்குவது இந்த அக்கறையான குரல்தான்.

கையெழுத்துப் போட யாரும் முன்வரவில்லை. மதினிதான் முதலில் வந்தாள். மை இல்லை, என் கண்மையை அவள் பெருவிரலில் தடவினேன். முப்பது ஆண்டுகள் மாவிலும் தண்ணீரிலும் ஊறிய விரல். தாளில் அழுத்தி எடுத்தபோது ரேகையே விழவில்லை, கருத்த நீள்வட்டம் ஒன்று மட்டும் விழுந்தது. "காய்ச்சலைச் சொல்லாமல் விட்டோம், அதையும் எழுது பிள்ளை" என்றாள். எழுதினேன். அதன் பிறகு இருபத்திரண்டு பேர் போட்டார்கள்.

மனுவை வாங்கிய இளம் அதிகாரி நின்றபடியே முழுவதையும் படித்தார். மதினி சொன்ன அந்த வரிக்கு வந்ததும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "இதை எங்களுக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்" என்றார். ஐந்தாம் நாள் தண்ணீர்த் தொட்டியும் காலால் மிதித்துத் திறக்கும் குழாயும் வந்தன. தலைமை என்று பேசும்போதெல்லாம் எனக்கு மேடைகள் நினைவுக்கு வருவதில்லை; தன் துறையின் குறையை எழுதிய தாளைக் கசக்காமல் கடைசி வரி வரை படித்த அந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார்.

2020 ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ், நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்த இடங்களாக இத்தாலி, ஸ்பெயின், தென்கொரியாவோடு சேர்த்துத் தாராவியின் பெயரையும் சொன்னார். தொலைக்காட்சியில் பார்த்து அழுதுவிட்டேன். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான இடத்தில் லட்சக்கணக்கானோர் வாழும் ஊர் இது. வீடு வீடாகப் போய்க் கேட்ட மாநகராட்சி ஊழியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு. கேட்டபோது மறைக்காமல் சொன்னவர்களுக்கும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில், ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அப்படியொரு கணக்கு இல்லை என்று அரசு எழுத்துமூலம் பதில் தந்தது. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து நள்ளிரவில் நாட்டைப் பூட்டினார்கள். இடையில் நான்கே மணி நேரம். எங்கள் கடையில் தோல் வெட்டிய பீகார்ப் பையன்கள் இருவர் நடந்தே கிளம்பியதைப் பார்த்தவள் நான். அந்தப் பதிலைப் படித்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. ஆளும் அதிகாரமும் உள்ள அரசின் பிழையை என் பிழையோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் பூஜ்ஜியம் எப்படி உருவாகிறது என்று எனக்குத் தெரியும்.

பம்பாயைப் பிளேக் உலுக்கியபோது ஆங்கிலேயர் 1897இல் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டம்தான் 2020இலும் அமலில் இருந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்தோடு செய்த எதற்காகவும் யார்மேலும் வழக்குப் போட முடியாது என்று அதில் ஒரு பிரிவு உண்டு. குறையைச் சொல்லும் குடிமக்களுக்கு அப்படி ஒரு வரி இல்லை. அவர்களுக்கான வரியை உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 30 அன்று சொன்னது: ஆக்சிஜனும் படுக்கையும் கேட்டுச் சமூக வலைத்தளங்களில் எழுதுகிறவர்களை அடக்கினால் அது நீதிமன்ற அவமதிப்பு. அந்தச் செய்தியைக் கத்தரித்து மனுவின் நகலோடு வைத்திருக்கிறேன்.

போன வாரம் அந்த மிதி குழாயின் கம்பி உடைந்துவிட்டது. நோய் போய்விட்டதே, இப்போது எதற்கு என்கிறார்கள். தாளில் தேதி போட்டாயிற்று. நாளை காலை மதினி இட்லித் தட்டுகளைக் கழுவி முடித்ததும் அவள் வீட்டுக்குப் போகிறேன்.