நெருஞ்சி முள்ளும் ரியூப் இல்லாத சில்லும்

ஆடி மாதம் முல்லைத்தீவில் முத்தையன்கட்டுப் பக்கம் சைக்கிள் ஓடியவர்களுக்கு நெருஞ்சியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மாரிக்கு மஞ்சளாய்ப் பூத்தது காய்ந்து முள்ளாகி கிரவல் வீதி ஓரமெல்லாம் கொட்டிக் கிடக்கும். போன வருடம் ஒரே நாளில் மூன்று தரம் ரியூப்பைக் கழற்றி ஒட்டி, கடைசியில் சொலூசனும் முடிந்து, ஒட்டுசுட்டான் வரைக்கும் வெயிலுக்குள் உருட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எடுத்த முடிவுதான் ரியூப்லெஸ், அதாவது ரியூப் இல்லாமல் ரயருக்குள்ளேயே காற்றை அடைத்து ஓடுவது.

என் மவுண்டன் பைக் 29 அங்குலச் சில்லு. றிம், ரயர் இரண்டும் ரியூப்லெஸுக்கென்றே செய்தவை. சாதாரண றிம்மில் இதைச் செய்யப் போகாதீர்கள், ரயரின் விளிம்பு பிடித்து நிற்காது.

வேலை முழுக்க றிம் ரேப்பில்தான் இருக்கிறது, சில்லுக்கம்பி ஓட்டைகளை மூட றிம்மின் உட்பக்கம் சுற்றி ஒட்டும் நாடா அது. முதல் தரம் நான் றிம்மைச் சும்மா துணியால் துடைத்துவிட்டு ஒட்டினேன். இரவு அடித்த காற்று விடிய இல்லை, சில்லுக்கம்பி ஓட்டைகளால் வெளியேறியிருந்தது. எங்கள் புழுதி கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காயவிட்டு, ரேப்பை நன்றாக இழுத்துப் பிடித்துச் சுருக்கம் விழாமல் சுற்றி, வால்வு ஓட்டையைத் தாண்டி ஒரு சாண் மேலே கொண்டுபோய் முடித்தேன். றிம்மின் உள் அகலம் 25 மில்லிமீற்றர், ரேப் 28, இரண்டு கரையிலும் கொஞ்சம் ஏறிப் படிய வேண்டும். வால்வுக்கு ஓட்டை போடக் கத்தி வேண்டாம், கிழிசல் ஓடும். சூடாக்கிய ஆணி நல்லது.

அடுத்தது காற்று. கைப்பம்பால் எவ்வளவு அடித்தும் ரயர் றிம்மில் ஏறி உட்காரவில்லை, ஒரு பக்கத்தால் அடிக்க மற்றப் பக்கத்தால் போகிறது. சந்தியில் மோட்டார் சைக்கிள் ரயர் ஒட்டும் அண்ணையிடம் கொண்டுபோனேன். "ரியூப் இல்லாத சைக்கிளோ தம்பி? கொண்டா பாப்பம்" என்றார். விளிம்பெல்லாம் சவர்க்காரத் தண்ணீர் பூசி, வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டு கொம்பிரசர் காற்றை ஒரேயடியாய் விட்டதும் டப், டப் என்று இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்தது. ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் அழுத்தத்தைத் தாண்டவே கூடாது, கொம்பிரசரில் அது கண்மூடித் திறக்க முதல் ஏறிவிடும்.

பிறகு காற்றை இறக்கி, போத்தலை நன்றாகக் குலுக்கி, வால்வு வழியாகச் சில்லுக்கு 100 மில்லிலீற்றர் சீலண்ட் விட்டேன். அது ரப்பர் பால்தான், முள் குத்திய இடத்தால் காற்று சீறும்போது கூடவே வந்து உறைந்து அடைத்துவிடும். பெரிய வெட்டுக்கு அது போதாது, அதற்கு வெட்டுக்குள் செருகும் றப்பர் திரியும் ஒரு ரியூப்பும் பையில் கிடக்கிறது. எங்கள் வெக்கைக்குச் சீலண்ட் கெதியாய்க் காயும், இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் திறந்து பார்க்கிறேன்.

ரியூப்போடு 38 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடிப்பேன், குறைத்தால் கல்லில் இடித்து ரியூப் நசுங்கிக் கிழியும். இப்போது முன்னுக்கு 22, பின்னுக்கு 25. கிரவலில் கை உதறுவது நின்றது, மணலில் பின்சில்லு சுழன்று நிற்பதும் நன்றாய்க் குறைந்துவிட்டது.

போன ஞாயிறு குளக்கட்டால் வந்து பின் ரயரைத் துடைத்தபோது சீலண்ட் அடைத்த பதினொரு வெள்ளைப் புள்ளிகள் எண்ணினேன். நாலு முள் இன்னும் உள்ளேதான் நிற்கின்றன, பிடுங்கவில்லை.