படம் வருகிறது, தொட்டால் அசையவில்லை

கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை எடை போடும் ஒரு ஷெட். லினக்ஸ் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, 7 அங்குலத் தொடுதிரை, விவசாயி அட்டையைப் படிக்க யுஎஸ்பி பார்கோடு ஸ்கேனர். டெஸ்க்டாப் கிடையாது, எல்விஜிஎல் என்ற வரைகலை நூலகம் நேராக டிஆர்எம் (லினக்ஸின் மையமான கர்னலில் திரையைக் கவனிக்கும் பகுதி) வழியே திரையில் வரைகிறது. இந்த மாதிரி அமைப்பில் வழக்கமாக வரும் புகார்: ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள யூசராக) ஓட்டினால் எல்லாம் சரி, தனி யூசரில் ஓட்டினால் படம் வருகிறது, ‘எடை’ பட்டன் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது.

திரைக்கும் தொடுதலுக்கும் தனித்தனி அனுமதி. திரை ‘வீடியோ’ குழுவின் கையில். தொடுதல் /டெவ்/இன்புட்/ஈவென்ட்2 போன்ற கோப்பில் வருகிறது. அதன் உரிமையாளர் ரூட், குழு ‘இன்புட்’, அனுமதி 0660 (உரிமையாளரும் குழுவும் படிக்கலாம், எழுதலாம்; மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை). எல்விஜிஎல்லில் இந்தக் கோப்புகளைப் படிக்கும் ஈவ்டெவ் டிரைவர், அதைத் திறக்க முடியாவிட்டால் ‘நல்’ என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தரும். அதைச் சோதிக்காமல் விட்டால் நிரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எஸ்ட்ரேஸில் (நிரல் கர்னலிடம் கேட்பதைக் காட்டும் கருவி) பாருங்கள்: பிழை 13 என்றால் அனுமதி இல்லை, 2 என்றால் அந்தப் பெயரில் கோப்பே இல்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ச்மாட் 666 போட்டு எல்லோருக்கும் திறந்துவிடுவது வேண்டாம். அடுத்த பூட்டில் (இயந்திரம் மறுபடி தொடங்கும்போது) கோப்பு புதிதாகப் பிறக்கும், அனுமதி பழையபடி ஆகிவிடும். ‘இன்புட்’ குழுவில் யூசரைச் சேர்ப்பது வேலை செய்யும். அதற்கான யூசர்மாட் கட்டளையில் சின்ன ஏ, பெரிய ஜி இரண்டும் வேண்டும். ஏ விட்டுப்போனால் மற்ற துணைக் குழுக்களிலிருந்து யூசர் கழன்றுவிடுவார், ரூட் அதிகாரம் தரும் சூடோவும் சேர்த்து. மறுபடி லாகின் செய்தால்தான் புதுக் குழு ஒட்டும். ஆனால் இதில் கொடுப்பது அதிகம்: அந்தக் குழுவில் இருப்பவர் இயந்திரத்தில் செருகிய எல்லா விசைப்பலகையையும் படிக்கலாம். பழுது பார்க்க வருபவர் அடிக்கும் சூடோ பாஸ்வேர்டும் அதில் அடக்கம்.

அதனால் யூடெவ் (சாதனக் கோப்புகளுக்குக் குழுவும் அனுமதியும் கொடுக்கும் லினக்ஸ் பகுதி) விதிதான் சரி. குரூப்ஆட் மைனஸ் ஆர் போட்டு ‘பேனல்’ என்று ஒரு சிஸ்டம் குழு. விதிக் கோப்பில் இரண்டு வரி: ஒன்று தொடுதிரைக்கு, ஒன்று ஸ்கேனருக்கு. ஸ்கேனரை வெண்டர், புராடக்ட் எண்ணால் அடையாளம் காணலாம். பையின் சொந்தத் தொடுதிரை ஐ2சி என்ற வேறு இணைப்பு வழி வருவதால் அதற்கு யுஎஸ்பி எண் கிடையாது; பெயரால்தான் பிடிக்க வேண்டும். யூடெவ்அட்ம் இன்ஃபோ மைனஸ் ஏ என்ற கட்டளை காட்டும் பட்டியலில் ஒரு பெற்றோரின் (சாதனத்துக்கு மேலே உள்ள அடுக்கின்) பெயரையும் இன்னொரு பெற்றோரின் எண்ணையும் ஒரே வரியில் கலந்தால் விதி பொருந்தவே பொருந்தாது. அதிகம் பேர் வழுக்கும் இடம் இது.

விதிக் கோப்பின் பெயரில் முதலில் வரும் எண்ணும் முக்கியம், அந்த வரிசையில்தான் விதிகள் ஓடும். பொது விதி 50-இல் இருக்கிறது. அதற்கு முன்னால் வைத்தால் குழு மறுபடி ‘இன்புட்’ ஆகிவிடும். யூஆக்சஸ் டேக் (லாகின் செய்தவருக்கு அனுமதி தரும் குறி) போடுபவர்கள் 73-க்கு முன்னால் வைக்க வேண்டும். 72 என்று வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் யூஆக்சஸ் திரைக்கு முன் லாகின் செய்தவருக்குத்தான். எஸ்எஸ்எச்சில் (நெட்வொர்க் வழியே) வருபவருக்கும், லாகினே இல்லாமல் பூட்டில் எழும் சர்வீஸுக்கும் அது உதவாது, அவர்களுக்குக் குழுதான். அனுமதியை 0640 (குழு படிக்க மட்டும்) என்று சிக்கனம் பிடிக்காதீர்கள், லிப்இன்புட் என்ற உள்ளீட்டு நூலகம் படிக்கவும் எழுதவும் சேர்த்தே திறக்கக் கேட்கும். அதே வரியில் ஒரு சிம்லிங்கும் (கோப்புக்கு மாறாத இன்னொரு பெயர்) கொடுத்துவிடுங்கள். ஈவென்ட் எண் பூட்டுக்குப் பூட்டு மாறலாம். நிரலில் ஈவென்ட்2 என்று எழுதி வைத்தால் ஒரு நாள் ஸ்கேனரைத் தொடுதிரை என்று நினைத்துத் திறக்கும்.

அனுமதி சரியான பிறகு வரும் வேடிக்கை ஒன்று. ஸ்கேனர் கர்னலுக்கு ஒரு விசைப்பலகை. நிரல் ஈவ்டெவ்வில் படித்தாலும் அதே எண்கள் படத்துக்குப் பின்னால் இருக்கும் டிடிஒய்1 என்ற எழுத்துத் திரையின் லாகினிலும் விழும், கடைசியில் எண்டரோடு. அங்கே ஆட்டோலாகின் ஷெல் இருந்தால் அட்டை எண்ணையே கட்டளையாக ஓட்டப் பார்க்கும். ஸ்கேனர் கோப்பின் மேல் ஈவிஐஓசிகிராப் (உள்ளீட்டை உங்கள் நிரலுக்கு மட்டும் பிடித்துக்கொள்ளும் அழைப்பு) போடுங்கள், அல்லது டிடிஒய்1-இல் லாகின் கேட்கும் ‘கெட்டி’ நிரலை நிறுத்துங்கள். கிராப் போட்டபின் ஈவிடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் ஒன்றும் வராது. கோளாறு என்று ஸ்கேனரை மாற்றிவிட வேண்டாம்.

மின்சாரம் ஆடும் ஷெட்டில் யுஎஸ்பி அறுந்து மறுபடி ஒட்டும். அப்போது ரீட் இஎன்ஓடெவ் (சாதனம் இல்லை என்ற பிழை) தரும். பழைய ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) செத்ததுதான். மூடிவிட்டு, சிம்லிங்க் வழியே புதிதாகத் திறக்க வேண்டும். எடைத் தராசு இதில் எதிலும் சேராது: சீரியல் வழி வருவதால் அதன் குழு ‘டயல்அவுட்’.