முதலில் கேள்விகள்: பிரான்சில் ஆரம்பப் பிரெஞ்சு

பிரான்சுக்கு வந்து சேரும் நம்மவர்கள் பெரும்பாலும் சொற்பட்டியலோடுதான் மொழியைத் தொடங்குகிறார்கள். கிழமைகள், நிறங்கள், பழங்கள், உறவுமுறைகள் என்று கொப்பியின் ஒரு பக்கத்தில் பிரெஞ்சையும் எதிர்ப்பக்கத்தில் தமிழையும் எழுதி மனனம் செய்கிறார்கள். அந்த உழைப்பு வீண் போவதில்லை. ஆயினும் பாரிசின் வடக்குப் புறநகரில் குடியிருந்து, கடைக்கும் வைத்தியரிடமும் அலுவலகங்களுக்குமாக அலைந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: தொடக்கத்தில் நாம் சொல்லவேண்டிய வாக்கியங்களைவிட, மற்றவர்கள் நம்மிடம் கேட்கப்போகும் கேள்விகளே முதலில் காதில் பதியவேண்டும்.

பாண் கடையை எடுத்துக்கொள்வோம். உள்ளே நுழைந்ததும் 'பொன்ஜூர்', அதாவது வணக்கம் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் நேரே பொருளைக் கேட்பதை இந்நாட்டவர் மரியாதைக் குறைவாகவே கருதுவார்கள். அடுத்து 'உய்ன் பகெத், சில் வு ப்ளே', தயவுசெய்து ஒரு நீளப் பாண் என்று கேட்க எவரும் விரைவில் பழகிவிடலாம். சிக்கல் அதன் பிறகுதான் வருகிறது. விற்பவர் பாணைத் தாளில் சுற்றிக்கொண்டே 'ஏ அவெக் சஸி?' என்று கேட்பார். வேறு ஏதும் வேண்டுமா என்பதே அதன் பொருள். 'ஸ ஸ்ரா து, மெர்சி', அதாவது அவ்வளவுதான், நன்றி என்பது அதற்குப் போதுமான விடை. பேரங்காடியில் காசாளர் கேட்பவை இன்னும் சில: பை வேண்டுமா, வாடிக்கையாளர் அட்டை உள்ளதா, வங்கி அட்டையில் செலுத்துகிறீர்களா. 2023 ஆகஸ்ட் முதல் பற்றுச்சீட்டைத் தானாகவே அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டுவிட்டதால், 'வு வுலே ல திக்கே?' என்ற கேள்வியும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. இந்த நாலைந்து கேள்விகளும் நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரே சொற்களில், ஒரே வேகத்தில் வருகின்றன. ஆகவே பாடமாக்குவதற்கு இவற்றைவிடப் பயனுள்ளவை வேறில்லை.

பாரிசின் லாசப்பல் பகுதியில் ஒரு மருந்தகத்தில் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நம்மூர் அம்மா ஒருவர் நின்றார். வைத்தியர் எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டி, 'பொன்ஜூர் மதாம், ஒர்தொனான்ஸ்' என்று தெளிவாகவே சொன்னார். மருந்தாளர் சிரித்த முகத்தோடு 'வூஸவே வோத்ர கார்த் வித்தால்?' என்று கேட்டார். அம்மா திரும்பி என்னைப் பார்த்து, "தம்பி, உவ என்ன கேக்கிறா?" என்றார். "உங்கட பச்சை அட்டையைக் கேக்கிறா அம்மா, மருத்துவக் காப்புறுதி அட்டை" என்றேன். அவருடைய கைப்பையில் அட்டை இருந்தது; அதன் பெயரும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 'வு' (நீங்கள்) என்ற சொல்லும் 'அவே' (வைத்திருக்கிறீர்கள்) என்ற சொல்லும் அவர் கொப்பியில் தனித்தனியாக இருந்திருக்கும். ஆனால் பேசும்போது முதற்சொல்லின் இறுதியில் ஒலிக்காமல் கிடக்கும் மெய், அடுத்து உயிரெழுத்து வந்தவுடன் உயிர்பெற்று, இரண்டையும் 'வூஸவே' என்று ஒரே சொல்லாக்கிவிடுகிறது. புணர்ச்சியில் ஊறிய நமக்கு இது புதிய செய்தி அல்ல. காதால் கேட்டுப் பழகாததுதான் குறை. கண்ணால் படித்த சொல் எழுத்தாகவே நின்றுவிடுகிறது, கேட்டுப் பழகிய வாக்கியமோ கேள்வி வரும் கணத்திலேயே நினைவுக்கு வருகிறது.

மருந்தகத்தில் அதைத் தொடர்ந்து வரக்கூடியவை: மருந்து உங்களுக்கா, துணைக் காப்புறுதி உண்டா, அதே மருந்தின் வேறு தயாரிப்பைத் தந்தால் சம்மதமா. வைத்தியரிடம் போனால் 'தப்புய் கான்?', அதாவது எப்போதிலிருந்து என்பது கட்டாயம் வரும். 'தப்புய் த்ருவா ஜூர்' என்று மூன்று நாளைச் சொல்லத் தெரிந்திருந்தால் உரையாடல் தடைப்படாது. அவசர நிலையில் மருத்துவ உதவிக்கு 15, தீயணைப்புப் படைக்கு 18, பொதுவாக 112 என்ற எண்களை அழைத்தால் அங்கே கேட்கப்படும் முக்கியமான கேள்வி நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதே. வீட்டு முகவரியை மாடி, கதவு எண்ணோடு பிரெஞ்சில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

எண்கள் தனிக் கவனம் கேட்கின்றன. பிரான்சில் தொலைபேசி எண்ணின் 10 இலக்கங்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து எண்களாகச் சொல்வார்கள். 70 என்பது அறுபதும் பத்தும், 80 என்பது நான்கு இருபது, 90 என்பது நான்கு இருபதும் பத்தும் என்ற முறையில் அமைந்திருப்பதால், 'சுவாசாந்த்' (60) என்று கேட்டவுடன் 6 என்று எழுதிவிடக் கூடாது. அடுத்து 'தூஸ்' (12) வந்தால் அது 72. பேனாவை ஒரு கணம் நிறுத்திவைத்து, எண் முழுவதையும் கேட்ட பின் எழுதுவதே பாதுகாப்பானது. நம்மவர் நிறைந்திருக்கும் சென்-சென்-துனி மாவட்டத்தின் எண்ணான 93, 'கத்ர வேன் த்ரேஸ்', அஞ்சல் முகவரியில் நாள்தோறும் தேவைப்படுவதால் அதிலிருந்தே இந்த வரிசையைத் தொடங்கலாம். ஜெனீவாவிலோ லொசானிலோ இருக்கும் உறவினர்கள் 70ஐ 'செப்தாந்த்' என்றும் 90ஐ 'நொனாந்த்' என்றும் சொல்வார்கள். அது சுவிஸ் வழக்கு, இங்கேயும் புரிந்துகொள்வார்கள்.

நம் பெயர்களைப் பொறுத்தவரை 'ஸா சேக்ரி கொமான்?', எப்படி எழுதுவது என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. ஆங்கிலத்தில் எழுத்துகளைச் சொல்லிப் பழகியவர்கள் இங்கே மிகவும் கவனமாக இருக்கவேண்டும். ஆங்கிலத்தில் 'ஜி', 'ஜே' என்று நாம் சொல்லும் இரண்டு எழுத்துகளின் பெயர்களும் பிரெஞ்சில் ஏறத்தாழ இடம் மாறிவிடுகின்றன. ஆங்கிலத்தில் 'ஈ' என்று சொன்னால் இங்கே 'ஐ' என்ற எழுத்தைத்தான் எழுதுவார்கள். விஜயன், கீதா, ஜெகன் போன்ற பெயர்கள் கோப்பில் பிழையாகப் பதிவானால் அதைத் திருத்துவதற்குக் கடவுச்சீட்டும் பிறப்புச் சான்றிதழுமாக மறுபடி அலையவேண்டியிருக்கும். சொந்தப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வதையே முதல் வாரப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி புரியாதபோது வெறுமனே தலையாட்டுவதைவிட, 'வு புவே ரெப்பெத்தே, சில் வு ப்ளே?', தயவுசெய்து திரும்பச் சொல்வீர்களா என்று கேட்பது நல்லது. புரியாத ஒரு சொல்லை மட்டும் பிடித்துத் திருப்பிக் கேட்டால் எதிரிலிருப்பவர் அதையே வேறு சொற்களில் விளக்குவார். எதுவுமே புரியவில்லை என்று சொன்னால் அவர் அதே வாக்கியத்தைச் சற்று உரத்துச் சொல்வதோடு நின்றுவிடுவார்.

2024 ஜனவரியில் பிரகடனப்படுத்தப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பத்தாண்டு வதிவிட அட்டைக்குப் பொதுவாக ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் பே1 (B1) நிலையும், குடியுரிமைக்கு பே2 (B2) நிலையும் தேவைப்படுகின்றன. முன்னர் இவை ஒவ்வொரு படி குறைவாக இருந்தன. ஆகையால் வகுப்பைத் தள்ளிப்போடாமல், பெரும்பாலான பதிவுகள் நடக்கும் செப்டம்பரிலேயே உங்கள் ஊர் நகரசபையில் விசாரியுங்கள். பள்ளிக்கே போயிராத பெரியவர்களுக்கு 'அல்ஃபாபெத்திசாசியோன்' வகுப்பும், தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வேறு வகுப்பும் உண்டு. அஞ்சலகம், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று அன்றாட இடங்களை வைத்தே கற்பிக்கும் 'அத்தலியே சோசியோலாங்கிஸ்திக்' என்ற வகுப்புகளைச் சமூக நிலையங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்துகின்றன. பதிவின்போது உங்களை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவுசெய்வதற்காக, சொந்த நாட்டில் எத்தனை ஆண்டுகள் படித்தீர்கள் என்று கேட்பார்கள். 'கொம்பியேன் தானே?', எத்தனை ஆண்டுகள் என்பது காதில் விழுந்தால் 'திஸான்', பத்து ஆண்டுகள், என்பதுபோல் உங்கள் விடையைச் சொல்லத் தயாராகப் போங்கள்.